போர்க்கால ஜீப்புக்கு ஸ்பிரிங்கும் ஷாக்கிளும்: புதுப்பேட்டை, ஜி.பி. ரோடு, மாதவரம் குறித்து ஒரு மதிப்பீடு

இரண்டாம் உலகப் போர்க்கால ஜீப்புக்குச் சென்னையில் சஸ்பென்ஷன் பாகங்கள், அதாவது சக்கரத்தின் அதிர்ச்சியைத் தாங்கும் ஸ்பிரிங் வகையறா, கிடைக்குமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: கிடைக்கும், ஆனால் எல்லாம் ஒரே கடையில் கிடைக்காது. ‘ஜீப் ஸ்பிரிங் செட்’ என்று நான்கையும் சேர்த்துக் கட்டி விற்பதை வாங்கி மாட்டினாலும் வண்டி ஓடத்தான் செய்யும்; ஆனால் முன்பக்கம் தூக்கிக்கொண்டு, சிறு பள்ளத்துக்கும் முதுகெலும்பைப் பதம் பார்க்கும். ஆகவே புதுப்பேட்டை, ஜி.பி. ரோடு, மாதவரம் ஆகிய மூன்று இடங்களில் எதை எங்கே வாங்கலாம், எதை எங்கே வாங்கக் கூடாது என்பதை என் அனுபவத்தில் கண்டபடி எழுதுகிறேன்.

என்னுடையது 1944-ஆம் ஆண்டின் ஃபோர்டு ஜி.பி.டபிள்யூ. வில்லிஸ் நிறுவனத்தின் எம்.பி. வண்டியையே அதே வரைபடத்தின்படி ஃபோர்டு தயாரித்தது என்பதால், இரண்டுக்கும் சஸ்பென்ஷன் பாகங்கள் பொதுவானவை. நான்கு சக்கரங்களுக்கும் பட்டை ஸ்பிரிங்தான், அதாவது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டிய எஃகுப் பட்டைகள். முன் ஸ்பிரிங்கில் எட்டுப் பட்டைகள், நீளம் 36.25 அங்குலம், பின் ஸ்பிரிங்கில் ஒன்பது பட்டைகள், நீளம் 42 அங்குலம், இரண்டுக்கும் அகலம் 1.75 அங்குலம். முன்னால் இடது ஸ்பிரிங்கும் வலது ஸ்பிரிங்கும் ஒன்றல்ல என்பதைக் கடைக்காரர்கள் பலரும் அறிவதில்லை. இந்த வண்டியில் ஓட்டுநர் இடப்பக்கம் அமர்கிறார், பெட்ரோல் டேங்கும் அவர் இருக்கைக்கு அடியிலேயே இருக்கிறது. அந்தப் பாரத்தைத் தாங்கவே இடது ஸ்பிரிங் சற்று விறைப்பாகச் செய்யப்பட்டது. பிந்தைய தயாரிப்புகளில், பிரேக் பிடிக்கும்போது முன் அச்சு முறுக்கிக்கொள்ளாமலிருக்க, அந்த இடது ஸ்பிரிங்கோடு ஒரு துணைப் பட்டையும் சேர்க்கப்பட்டது.

மஹிந்திரா ஜீப்பின் ஸ்பிரிங் இதற்குப் பொருந்தாதா என்பது அடுத்து வரும் கேள்வி. அளவில் பொருந்தும், குணத்தில் பொருந்தாது. மஹிந்திரா போல, போருக்குப் பின் பொதுமக்களுக்காக வந்த சிவில் ஜீப்புகள் உழவுக்கும் சுமைக்கும் என்று விற்கப்பட்டவை, அவற்றின் ஸ்பிரிங்குகள் இன்னும் கெட்டியானவை. ராணுவ ஜீப்போ சுமார் 1,100 கிலோ எடையுள்ள இலகுவான வண்டி. கெட்டியான பட்டைகளின் மேல் அது அமுங்காமல் நிற்கும்போது, அந்த அதிர்ச்சி முழுவதும் எண்பது வயதான சேஸிஸுக்கும் ஸ்பிரிங் தாங்கிகளுக்கும் போய்ச் சேருகிறது. ரிவெட் அடித்த இடங்களில் விரிசல் காண்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

புதுப்பேட்டையை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஆதித்தனார் சாலையை ஒட்டிய தெருக்களில் கழற்றிப் போட்ட வண்டிகளின் பாகங்கள் குவிந்து கிடக்கும் இந்தச் சந்தையைப் பற்றி நல்லதும் கெட்டதுமாக எத்தனையோ கேள்விப்பட்டிருப்பீர்கள். சஸ்பென்ஷனைப் பொறுத்தவரை, இங்கே பழைய ஸ்பிரிங்கை முழுதாக வாங்கக் கூடாது என்பதே என் முடிவு. எத்தனை ஆண்டு எவ்வளவு பாரம் சுமந்தது என்று வெளியிலிருந்து சொல்ல முடியாத ஒரே பாகம் அதுதான். பட்டைகளைப் பிரித்துப் பார்த்தால், கீழ்ப்பட்டையின் முனை மேல்பட்டையின் அடியில் அழுந்தி அழுந்திப் பள்ளம் போட்டிருக்கும். இடுக்கில் தேங்கிய மழைநீரும் கடற்காற்றின் உப்பும் சேர்ந்து துருப் புள்ளிகளை உண்டாக்கியிருக்கும். பாரம் ஏறும்போது ஒவ்வொரு பட்டையின் மேற்பரப்பும்தான் இழுபடுகிறது என்பதால், அங்கே உள்ள ஒரு துருப் புள்ளியே விரிசலுக்கு விதையாகிவிடும்.

ஆனால் ஸ்பிரிங்கைச் சுற்றியுள்ள சிறு பாகங்களுக்குப் புதுப்பேட்டைக்கு ஈடான இடம் சென்னையில் இல்லை. ஸ்பிரிங்கின் ஒரு முனையைச் சேஸிஸோடு இணைத்து அசைய விடும் யு வடிவ ஷாக்கிள், மறுமுனையை நிலையாகப் பிடிக்கும் பிவட் போல்ட், அச்சின் மேல் அமரும் தகடு, ஸ்பிரிங்கை அச்சோடு கட்டும் யு போல்ட் ஆகியவை நல்ல நிலையில் இங்கே அகப்படுகின்றன. நான் வழக்கமாகப் போகும் கடையில், மண்ணெண்ணெய் டப்பாவில் ஊறிக்கொண்டிருந்த ஷாக்கிள்களில் ஒன்றை எடுத்து, “பாய், இது இடது மரையா, வலது மரையா?” என்று கேட்டேன். (இடது மரை என்றால் வழக்கத்துக்கு மாறாக இடப்பக்கம் திருப்பினால் இறுகும் திருகு.) அவர் கம்பி பிரஷால் அதன் கீழ்க்காலைத் தேய்த்து, அங்கே சிறு மேடு ஒன்று பாகத்தோடு சேர்ந்தே இருப்பதைக் காட்டி, “சார், இந்த முடிச்சு இருந்தா இடது. இல்லாததெல்லாம் வலது. இதைப் பார்க்காம எவன் குடுத்தாலும் வாங்காதீங்க” என்றார். போர்க்காலச் சேவைக் கையேடு சொல்வதும் இதையேதான். அந்தக் கடைக்கு மூன்று தெரு தள்ளிக் கேட்டபோது அதே பாகத்துக்கு இரு மடங்கு விலை சொன்னார்கள். புதுப்பேட்டையில் விலை ஆளைப் பார்த்தும் அவசரத்தைப் பார்த்தும் மாறும். கழற்றிய பழைய பாகத்தைக் கையில் எடுத்துப் போனால், நாம் தெரிந்துகொண்டு வந்திருக்கிறோம் என்பது அவர்களுக்கே புரிந்து பேரம் விரைவில் முடியும்.

இந்த மரை விஷயத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் பணம் வீணாவது பெரும்பாலும் இங்கேதான். வண்டியில் நான்கு ஷாக்கிள்கள், ஒவ்வொன்றுக்கும் மேலும் கீழுமாக, ஷாக்கிளின் காலை உள்வாங்கும் மரையுள்ள குழல்களான இரண்டு புஷ்கள், ஆக எட்டு. அவற்றில் ஆறு வலது மரை, இரண்டு இடது மரை. இடது முன் ஸ்பிரிங்கிலும் வலது பின் ஸ்பிரிங்கிலும் ஸ்பிரிங் கண்ணுக்குள், அதாவது மேல்பட்டையின் முனையிலுள்ள வளையத்துக்குள், போகும் கீழ்ப் புஷ்தான் இடது மரை. அதன் அறுகோணத் தலையைச் சுற்றி ஒரு கோடு வெட்டியிருக்கும். வலது மரைப் புஷ்ஷின் தலை வெறுமையாக இருக்கும்.

ஜி.பி. ரோட்டில் புதிய ஷாக்கிள் செட்டுகள் கிடைக்கின்றன. அண்ணா சாலையிலிருந்து பிரியும் அந்தச் சாலையில் உள்ள உதிரி பாகக் கடைகள் பெரும்பாலும் இன்றைய கார்களுக்கானவை என்றாலும், பழைய மஹிந்திரா ஜீப்பின் சரக்கை விடாமல் வைத்திருக்கும் கடைகளும் உண்டு. அந்த ஜீப்பின் மூலமும் வில்லிஸ்தான் என்பதால் இதே யு ஷாக்கிள் முறை அதிலும் தொடர்ந்தது. புதிய செட்டின் தரம் மோசமில்லை. மரை சுத்தமாக வெட்டப்பட்டிருக்கிறது, ரப்பர் சீல்களும் உடன் வருகின்றன. ஆனால் ஒரு கடையில் ‘முழு செட்’ என்று சொல்லி எனக்குக் கொடுத்த பெட்டியில் எட்டுப் புஷ்களும் வலது மரையாகவே இருந்தன. கல்லாவிலேயே பிரித்துப் பார்த்துக் காட்டியபோது, “எல்லா ஜீப்புக்கும் இதுதான் சார் போகுது” என்றார்களே ஒழிய, மாற்றிக் கொடுக்க மனம் வரவில்லை. நெடுநேரம் வாதாடிய பிறகே பணம் திரும்பியது. அடுத்த கடைக்காரர் நான் சொல்வதைப் பொறுமையாகக் கேட்டு, மாடியிலிருந்து தனித்தனியாக இரண்டு இடது மரைப் புஷ்களை எடுத்து வரச் செய்து, ஒவ்வொன்றையும் விரலாலேயே ஷாக்கிளில் ஏற்றிக் காட்டிவிட்டுப் பில் போட்டார். விரலால் ஏறாத புஷ்ஷை ஸ்பானர் போட்டு ஏற்றிக்கொள்ளலாம் என்று யார் சொன்னாலும் ஏற்க வேண்டாம்.

ஷாக் அப்சார்பரைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மஹிந்திரா ஜீப்புக்கென்று வந்த புதிய ஷாக்குகளை ஜி.பி. ரோட்டிலேயே வாங்கினேன். முழுதாக நீட்டியபோதும் அழுத்தியபோதும் உள்ள நீளத்தைப் பழையதோடு ஒப்பிட்டுப் பார்த்து வாங்கினால் போதும்.

இந்த வேலை முழுவதிலும் எனக்கு மிகுந்த நிறைவைத் தந்தது மாதவரத்தில்தான். லாரி நிலையத்தைச் சுற்றியுள்ள பட்டறைகளில், லாரி ஸ்பிரிங் வேலையை மட்டுமே தலைமுறையாகச் செய்து வரும் ஒரு சிறு பட்டறைக்கு என் நான்கு பழைய ஸ்பிரிங்குகளையும் கொண்டுபோனேன். முதல் வேலையாக மேஸ்திரி அவற்றைப் பிரித்து, ஒவ்வொரு பட்டையையும் தேய்த்துச் சுத்தம் செய்து, மண்ணெண்ணெய் பூசிச் சற்று நேரம் ஊற விட்டார். பிறகு நன்றாகத் துடைத்துவிட்டுச் சுண்ணக்கட்டித் தூளைத் தடவினார். விரிசலுக்குள் புகுந்திருந்த மண்ணெண்ணெய் மெல்ல மேலே வந்து, வெள்ளைத் தூளில் தலைமுடி போன்ற கருங்கோடாகத் தெரிந்தது. கண்ணோடு கூடிய முழுநீள மெயின் பட்டைகள் இரண்டும் ஒரு மூன்றாம் பட்டையும் அப்படியே ஒதுக்கப்பட்டன. மீதியெல்லாம் நல்ல எஃகு, இன்னும் பல ஆண்டு உழைக்கும் என்றார்.

வளைவு போன பட்டையைச் சம்மட்டியால் குளிர்ந்த நிலையிலேயே அடித்து வளைவு ஏற்றித் தருவது நகரில் பரவலாக நடக்கும் மலிவான வேலை. பார்வைக்கு ஸ்பிரிங் புதிதுபோல் நிமிரும்; பாரம் ஏறிச் சில மாதம் ஓடியதும் பழையபடி தொங்கிவிடும். இந்தப் பட்டறையில் பட்டையைச் செஞ்சூடு வரை உலையில் ஏற்றி, நான் கொண்டுபோன அளவுக்கு வளைத்து, எண்ணெயில் தோய்ச்சல் கொடுத்து, மறுபடியும் குறைந்த சூட்டில் வைத்துப் பதம் பார்க்கிறார்கள். இந்த இரண்டாம் சூடுதான் உயிர்நாடி. தோய்ச்சலோடு நிறுத்தினால் எஃகு கண்ணாடியாகி, முதல் பெரிய பள்ளத்திலேயே முறிந்துவிடும். பதத்தைத் தாண்டிச் சூடேறினால் விறைப்பு போய்விடும். வேலையை ஒப்படைக்கும் முன் இந்த இரண்டாம் சூட்டைப் பற்றி எந்தப் பட்டறையிலும் கேளுங்கள். தெளிவாகப் பதில் சொல்பவரிடம் மட்டும் கொடுங்கள்.

புதிய மெயின் பட்டைக்கு 45 மில்லிமீட்டர் அகல ஸ்பிரிங் எஃகு எடுத்தார்கள். 1.75 அங்குலம் என்பது 44.45 மில்லிமீட்டர். அரை மில்லிமீட்டர்தானே என்று விட்டுவிட்டால், சேஸிஸ் தாங்கியின் இரு கன்னங்களுக்கும் இடையில் ஸ்பிரிங் கண் உரசும். மேஸ்திரி கண்ணின் இரு ஓரங்களையும் கிரைண்டரில் இழைத்து, நான் கொண்டுபோயிருந்த பழைய தாங்கியிலேயே வைத்து ஆட்டிப் பார்த்துத்தான் கொடுத்தார். நிலையான முனைக்கான வெண்கலப் புஷ்களை அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் கடைந்து வாங்கினேன். இடது முன் ஸ்பிரிங்கின் துணைப் பட்டையையும் பழையதை மாதிரியாக வைத்து மாதவரத்திலேயே செய்து தந்தார்கள். கடையில் அதைத் தேடி அலைவது வீண்.

இந்தப் பட்டறையிடம் ஒரு குறையையும் சொல்ல வேண்டும். டன் கணக்கில் பாரம் ஏற்றும் லாரிகளோடு பழகிய கைகள் என்பதால், “ஒரு பட்டை சேர்த்துப் போட்டுடலாம் சார், தாங்கும்” என்று கேட்காமலேயே கூட்டப் பார்ப்பார்கள். இருமுறை மறுக்க வேண்டியிருந்தது. முன்னால் எட்டு, பின்னால் ஒன்பது என்று தாளில் எழுதி, இடது வலது என்று ஒவ்வொன்றிலும் பெயின்டால் குறித்துக் கொடுத்த பிறகு குழப்பம் வரவில்லை. அகலமான பட்டைகளைப் போட்டுத் தாங்கிகளை வெட்டி ஒட்டித் தருகிறோம் என்றும் வேறு சில பட்டறைகளில் சொல்வார்கள். வண்டியின் மீதுள்ள மரியாதை ஒருபுறமிருக்க, மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021-இல் சேர்க்கப்பட்ட விண்டேஜ் பதிவு, 50 ஆண்டுகளைக் கடந்து மூல வடிவம் மாறாமல் இருக்கும் வண்டிகளுக்கே உரியது. சேஸிஸில் கைவைத்துவிட்டால் அந்த வாய்ப்பையும் இழக்க நேரிடும்.

மாட்டும் வேலையை யாரிடம் கொடுத்தாலும் அருகில் நிற்பது நல்லது. மேல்புஷ்ஷைப் பாதி ஏற்றி, பிறகு கீழ்ப்புஷ்ஷைப் பாதி ஏற்றி, இப்படி மாறி மாறித்தான் முறுக்க வேண்டும். மேல்புஷ்ஷின் தலை சேஸிஸ் தாங்கியை ஒட்டி அமர வேண்டும். கீழ்ப்புஷ்ஷின் தலைக்கும் ஸ்பிரிங் கண்ணுக்கும் இடையில் 1/32 அங்குல இடைவெளி இருக்க வேண்டும். அந்த இடைவெளியைக் கண்டதும் மெக்கானிக்குகள் இன்னொரு முறுக்கு கொடுத்து மூடிவிடுவார்கள். ஷாக்கிள் இறுகிப்போனால் ஸ்பிரிங் நீள இடமில்லாமல் மெயின் பட்டை முறியும். கையால் ஆட்டினால் ஷாக்கிள் தடையின்றி அசைகிறதா என்று பார்த்துவிட்டு கிரீஸ் ஏற்றச் சொல்லுங்கள். அதன்பின் 1,000 மைலுக்கு, அதாவது ஏறத்தாழ 1,600 கிலோமீட்டருக்கு ஒருமுறை கிரீஸ் அடிக்க வேண்டும்.

புதிதாகச் செய்த பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று நன்றாகப் படிந்ததும் யு போல்ட் சற்றுத் தளரும். சில வாரம் ஓட்டியபின் வண்டியை மாதவரத்துக்கே கொண்டுபோனேன். மேஸ்திரி கூலி வாங்காமல் எல்லா யு போல்ட்டுகளையும் மறுபடி முறுக்கி, இருபுற உயரத்தையும் அளந்து பார்த்து அனுப்பினார். பிற்பகலில் அங்கே லாரிகள் வரிசை கட்டி நிற்கும் என்பதால், ஜீப்பை எடுத்துக்கொண்டு போகிறவர்கள் காலையிலேயே போய்விடுவது நல்லது.