மனை கம்பெனி டீமா, சொந்த ஏரியா புரோக்கரா? வேலூரில் பகுதிநேர வேலையை முழுநேரத் தொழிலாக்க நினைப்பவர்களுக்கு

வேலூர் பக்கம் ரியல் எஸ்டேட்டைத் திட்டம் போட்டுத் தொடங்கியவர்கள் குறைவு. இன்சூரன்ஸ் ஏஜென்ட், டியூஷன் வாத்தியார், மெடிக்கல் ரெப், கார் ஓட்டுபவர் என்று ஏதோ ஒரு வேலையில் இருந்துகொண்டே ஞாயிற்றுக்கிழமை சைட் காட்டப் போவார்கள். ஒரு மனை படியும். இரண்டு மாதச் சம்பளம் ஒரே செக்கில் வரும். அன்றைக்கே கேள்வி கிளம்பும்: இதையே பிழைப்பாக்கிக் கொள்ளலாமா?

ஆக்கலாம் என்றால் முன்னால் இரண்டு வழி. லே-அவுட் போடும் கம்பெனியின் மார்க்கெட்டிங் டீமில் முழுநேரமாகச் சேர்வது ஒன்று. நாலைந்து தெருக்களை உங்கள் ஏரியாவாக வைத்துக்கொண்டு மறுவிற்பனையும் வாடகையும் பார்க்கும் புரோக்கர் ஆவது இன்னொன்று. நான் இரண்டாவது கட்சி. அதனால் அந்தப் பக்கம் எடை கொஞ்சம் கூடுதலாகத்தான் விழும், தெரிந்தே படியுங்கள்.

கம்பெனி டீமின் லாபம் எல்லோருக்கும் தெரிந்தது. நோட்டீஸ், வேன், சைட்டில் மதியச் சாப்பாடு, பேங்க் லோன் ஆள் எல்லாம் அவர்கள் பொறுப்பு. உங்கள் வேலை ஆளைக் கூட்டிக்கொண்டு வருவது. கமிஷன் சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசுவார்கள். உதாரணத்துக்கு அடிக்கு 60 ரூபாய் என்றால் 1,200 சதுர அடி மனைக்கு 72,000. தொடக்க ஆறு மாதத்துக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடையாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். கூச்சம் போகும், விலை பேச வரும், லோன் யாருக்குக் கிடைக்கும் என்று முகத்தைப் பார்த்தே ஓரளவு தெரிந்துவிடும்.

கசப்பு அதற்குப் பிறகு. அந்த 72,000 முழுசாகக் கைக்கு வராது. மேலே டீம் லீடர், அவருக்கு மேல் ஒருவர் என்று பங்கு பிரியும். அட்வான்ஸ் வாங்கியதும் பாதி கொடுத்துவிட்டு, புக்கிங் ரத்தானால் அடுத்த மனையின் கமிஷனில் கழித்துக்கொள்வார்கள். மீதி பத்திரப்பதிவு முடிந்த பிறகுதான். லே-அவுட் விற்றுத் தீர்ந்ததும் கம்பெனி அடுத்த சைட்டை ஆற்காட்டுப் பக்கமோ செய்யாற்றுப் பக்கமோ போடும். நீங்கள் வேலூரில் சேர்த்த ஆட்களுக்கு அங்கே வேலையில்லை. அவர்கள் போன் நம்பரோ கம்பெனி ரிஜிஸ்டரில் தூங்கும்.

ஒரு எச்சரிக்கை. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட லே-அவுட் என்றால் 2016 ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி ரெரா பதிவு இல்லாமல் விளம்பரமே செய்யக் கூடாது. பதிவு பெற்ற திட்டத்தில் மனை விற்க உதவும் ஏஜென்டும் தனியாகப் பதிவு செய்திருக்க வேண்டும். "கம்பெனிக்கு இருக்குதே, உனக்கெதுக்குப்பா" என்று டீமில் சொல்வார்கள். நம்பாதீர்கள். பதிவில்லாத ஏஜென்டுக்கு அபராதம் நாளொன்றுக்கு 10,000 ரூபாய். விற்க உதவிய சொத்து மதிப்பில் 5 சதவீதம் வரை ஏறலாம். அந்த அபராதம் உங்கள் பெயருக்குத்தான் வரும், டீம் லீடர் பெயருக்கு இல்லை.

இனி இரண்டாவது வழி. சத்துவாச்சாரி, காட்பாடி காந்தி நகர், பாகாயம், தொரப்பாடி போன்ற இடங்களில் வாடகை வீட்டுக்குக் கேள்வி ஓய்வதில்லை. ஒரு பக்கம் சி.எம்.சி. மருத்துவமனை, ஒரு பக்கம் வி.ஐ.டி. பல்கலைக்கழகம், நடுவில் மாற்றலாகி வரும் அரசு ஊழியர்கள். வாடகைக்கு ஒரு மாத வாடகையும், விற்பனைக்கு இரு தரப்பிலும் ஒவ்வொரு சதவீதமும் பேசுவது வழக்கம். இன்னொரு புரோக்கர் குறுக்கே வந்தால் பாதி. தொகை சின்னது. ஆனால் வாடகைக் காசு சாவி கைமாறும் அன்றே வரும். மாதம் நாலு வீடு படிந்தால் பெட்ரோலும் மளிகையும் ஓடிவிடும். மனை விற்பனையை எதிர்பார்த்து வயிற்றைக் கட்ட வேண்டியதில்லை.

இதுவரை சொன்னவை இரு பக்கமும் கிட்டத்தட்ட சமன். என்னை ஒரு பக்கம் சாய்த்தது பத்திரம்.

கம்பெனி மனையில் தாய்ப்பத்திரத்திலிருந்து (சொத்தின் மூலப் பத்திரம்) நகர் ஊரமைப்புத் துறையின் டி.டி.சி.பி. அனுமதி வரை ஒரே ஃபைலாக ஜெராக்ஸ் போட்டுத் தருவார்கள். நீங்கள் அதைத் திறந்து பார்க்கத் தேவையில்லை. பத்து வருஷம் அங்கே இருந்தாலும் பேச்சு வளருமே தவிர பத்திரம் படிக்க வராது. மறுவிற்பனையில் ஒவ்வொரு சொத்தும் ஒவ்வொரு சிக்கல். நாலு சொத்தில் மூக்குடைந்தால் ஐந்தாவதில் கண் தானாகத் திறக்கும். சொத்தைக் காட்டுபவரை அந்த ஒரு முறையோடு மறந்துவிடுவார்கள். "அண்ணே, இந்தப் பத்திரத்தக் கொஞ்சம் பாருங்களேன்" என்று வருபவர் அடுத்து தங்கச்சிக்கு மனை வாங்கும்போதும் உங்களிடம்தான் வருவார்.

ஒரு சொத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். அணைக்கட்டு ரோட்டில் ஒரு துண்டு நிலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்திரத்தில் பத்தரை சென்ட். பட்டாவில் ஹெக்டேர், ஏர் கட்டத்தில் 0 - 4.05 என்று இருக்கும். ஒரு ஏர் 100 சதுர மீட்டர், அதாவது 2.47 சென்ட். பெருக்கிப் பார்த்தால் பத்து சென்ட்தான். ஒரு சென்ட் 435.6 சதுர அடி, அரை சென்ட் 218. அடி 1,500 ரூபாய் விலையில் 3.27 லட்சம் காற்றில் நிற்கிறது. ஒரு தரப்பில் உங்களுக்கு வரும் கமிஷனைப் போல ஐந்து மடங்கு. இதை அட்வான்ஸுக்கு முன்னால் சொன்னால் விலை பேசித் தீர்த்துக்கொள்ளலாம். பதிவன்று தெரிந்தால் சண்டை, உங்கள் கமிஷனும் அதிலேயே போகும்.

அடுத்து புலப்படம், அதாவது நிலத்தின் சர்வே அளவுப் படம். எஃப்.எம்.பி. என்பார்கள். இணையத்திலேயே எடுக்கலாம், அளவு மீட்டரில் இருக்கும். கையில் டேப்போடு போய் ரோட்டுப் பக்க அகலத்தை மட்டுமாவது அளந்து பாருங்கள். பத்திரத்தின் செக்குபந்தியில் (நான்கு எல்லை விவரம்) வடக்கே வாய்க்கால் என்று எழுதியிருந்து அங்கே இப்போது காம்பவுண்டுச் சுவர் நின்றால், வாய்க்கால் எங்கே போனது என்று கேட்க வேண்டும். புறம்போக்கு வாய்க்காலை மடக்கிக் கட்டியிருந்தால் அது விற்பவர் சொத்தே இல்லை.

சொத்தின் மேல் பதிவான கிரயம், அடமானங்களைக் காட்டும் வில்லங்கச் சான்றில்தான் புதியவர்கள் அதிகம் வழுக்குவார்கள். பதிவுத் துறை இணையதளத்தில் இன்றைய உட்பிரிவு எண்ணை, 123/2ஏ என்று, போட்டுத் தேடி "வில்லங்கம் இல்லை" என்று வந்ததும் நிம்மதியாகிவிடுவார்கள். அந்த 2ஏ சில வருடங்களுக்கு முன் பிரித்த எண்ணாக இருக்கலாம். அதற்கு முந்தைய அடமானம், கிரயம் எல்லாம் 123/2 என்ற பழைய எண்ணில் கிடக்கும். இரண்டையும் போட வேண்டும். கிராமம் ஒரு சார்பதிவாளர் அலுவலகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றப்பட்டிருந்தால் இரண்டு அலுவலகத்திலும் தேட வேண்டும். மாநகராட்சிக்குள் நகர அளவை எண் வந்துவிட்ட தெருக்களில் பழைய சர்வே எண், நகர சர்வே எண் இரண்டும். இவ்வளவு பார்த்தாலும் உயிலோ, பதிவு செய்யாமல் கைமாற்றாகப் பத்திரத்தை அடகு வைத்திருப்பதோ சான்றில் வராது. அதனால்தான் அசல் தாய்ப்பத்திரத்தைக் கண்ணால் பார்க்காமல் அட்வான்ஸ் பேசவே கூடாது. "லாக்கர்ல இருக்கு, ரிஜிஸ்தர் அன்னிக்கு எடுத்துட்டு வரேன்" என்றால் பெரும்பாலும் அது வேறு யார் லாக்கரிலோ இருக்கிறது.

பட்டா இன்னும் அப்பா பெயரில் இருந்தால் வாரிசுச் சான்று கேளுங்கள். பெயர்களை எண்ணுங்கள். மகன்கள் மூன்று பேர் கையெழுத்துக்குத் தயார், மகள்கள்? "அக்காங்களுக்கு அப்பவே சீரு செஞ்சாச்சு சார்" என்பது எல்லோரும் சொல்லும் பதில். சீர் செய்ததால் பங்கு போகாது. இந்துக் குடும்பத்தில் தந்தை சொந்தமாகச் சம்பாதித்த சொத்தை உயில் எழுதாமல் விட்டுப் போயிருந்தால் 1956 சட்டப்படியே மகளுக்கும் சம பங்கு. பூர்வீகச் சொத்தில் 2005 திருத்தம் மகளுக்கும் உரிமை தந்துவிட்டது. அக்காக்களும் கிரயப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும், அல்லது பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் முன்னமே பதிவாகியிருக்க வேண்டும். முஸ்லிம் குடும்பம் என்றால் பங்குக் கணக்கே வேறு. அங்கே புரோக்கர் வாய் திறக்காமல் வக்கீலிடம் அனுப்புவது உத்தமம்.

வடஆற்காடு பக்கம் தனியாகப் பார்க்க வேண்டியவை இன்னும் மூன்று. பஞ்சமி நிலம்: ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிபந்தனையோடு ஒப்படைத்தது, பிறர் வாங்கினால் செல்லாது. தாலுகா அலுவலகத்தில் அ-பதிவேட்டையும் (சர்வே எண்வாரியாக நில விவரம் உள்ள பதிவேடு) ஒப்படைப்பு விவரத்தையும் பார்த்தால்தான் தெரியும். கோயில் நிலம், வக்பு நிலம்: பதிவுச் சட்டம் 22-ஏ பிரிவு பத்திரப்பதிவையே தடுத்துவிடும். மூன்றாவது, அனுமதியில்லாத பழைய லே-அவுட் மனை. 2016 அக்டோபர் 20-க்கு முன் வீட்டு மனையாக ஒரு முறையாவது பதிவாகியிருக்கிறதா என்பதுதான் கேள்வி. பதிவாகியிருந்தால் மறுபடி கிரயம் ஆகும். ஆனாலும் அனுமதியில்லாத மனையை முறைப்படுத்தும் வரன்முறை ஆணை இல்லையென்றால் வீடு கட்டும் அனுமதிக்கும் பேங்க் லோனுக்கும் தட்டும். வாங்குபவரிடம் இதை மறைத்து விற்றால் அந்தத் தெருவில் உங்கள் வியாபாரம் அதோடு சரி.

மேலே சொன்ன பத்து சென்ட் 65 லட்சத்தைத் தாண்டுகிறது. 50 லட்சமும் அதற்கு மேலும் என்றால் வாங்குபவர் 1 சதவீதம் வருமான வரி பிடித்துக் கட்ட வேண்டும். விற்பவரின் பான் எண்ணை முன்னமே வாங்கி வையுங்கள். முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம் தனி. முதல் நாளே இதைத் தாளில் எழுதிக் காட்டுங்கள். கடைசி வாரத்தில் "இது வேறயா?" என்று கேட்டு முறிந்த வியாபாரங்கள் விலையில் முறிந்ததைவிடக் குறைவில்லை. விற்பனை ஒப்பந்தம் 20 ரூபாய் ஸ்டாம்ப் பேப்பரில் எழுதி வீட்டோடு வைத்துக்கொள்ளும் பழக்கம் இன்னும் போகவில்லை. 2012 டிசம்பர் முதல் அதுவும் கட்டாயம் பதிவாக வேண்டிய ஆவணம்.

வாடகைப் பக்கத்திலும் தாள் உண்டு. 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாகவும் வேண்டும். வேறு மாதிரி எழுதிக்கொள்ளாத வரை அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. இதைச் செய்து கொடுக்கும் புரோக்கர்கள் அதிகம் இல்லை. செய்து கொடுத்தால் வீட்டுக்காரர் அடுத்த காலிக்கும் உங்களையே கூப்பிடுவார்.

மூன்றாவதாக, பில்டர் ஆபீஸில் மாதச் சம்பளத்துக்குப் பத்திரப் பிரிவில் உட்காரும் வேலையும் உண்டு. அடுக்குமாடி வியாபாரத்தில் என் பழக்கம் மேலோட்டமானது, அதனால் அதற்குத் தீர்ப்பு சொல்லவில்லை. பத்திரம் படிக்க அங்கே சம்பளத்தோடு சொல்லிக் கொடுப்பார்கள் என்ற வகையில், கம்பெனி டீமைவிட அது மேல் என்றே தோன்றுகிறது.

மாறுவது என்று முடிவானால் இருக்கும் வேலையை உடனே விடாதீர்கள். ஆறு மாத வீட்டுச் செலவு வங்கியில் தனியாக நிற்கட்டும். மூன்று, நாலு வார்டுக்கு மேல் எடுக்க வேண்டாம். காட்பாடியில் ஒன்று, அரியூரில் ஒன்று என்று ஓடினால் பெட்ரோலுக்கே சரியாகிவிடும். ஒரு நீள நோட்டில் தெருவாரியாக வீட்டு எண், உரிமையாளர், வாடகை, எப்போது காலியாகும், கடைசியாகக் கிரயமான விலை எழுதி வாருங்கள். ரெரா ஏஜென்ட் பதிவைத் தனிநபராகப் போடுங்கள். நிறுவனமாகப் போட்டால் கட்டணம் கூடும். பழைய வீட்டு மறுவிற்பனைக்கு அது கட்டாயமில்லை என்றாலும் புதிய லே-அவுட் மனை ஒன்று கைக்கு வரும்போது தேவைப்படும். கம்பெனியிலிருந்து வரும் கமிஷனில் 2 சதவீதம் டி.டி.எஸ். (முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) பிடிப்பார்கள். ரிட்டர்ன் போட்டால் அது திரும்பி வரலாம், நாளைக்கு உங்கள் சொந்த வீட்டு லோனுக்கும் வருமான ஆதாரம் ஆகும்.

விற்பவரிடம் ஒரு பக்கக் கடிதம் வாங்காமல் சொத்தைக் காட்டாதீர்கள். அதில் கேட்கும் விலை, கமிஷன் சதவீதம், பாதி ஒப்பந்தத்தன்று, பாதி பதிவன்று, எத்தனை மாதத்துக்கு இந்தக் கடிதம் செல்லும் என்று இருந்தால் போதும். சொன்ன விலைக்கு மேல் வைத்து விற்று மிச்சத்தை வைத்துக்கொள்ளும் வேலை வேண்டவே வேண்டாம். பதிவு ஆபீஸ் வாசலில் இரு தரப்பும் டீ குடித்துக்கொண்டே விலையை ஒப்பிட்டுவிடுவார்கள்.

வெயிலையும் கணக்கில் வையுங்கள். வேலூர் மே மாதத்தில் காலை பத்து மணிக்கு மேல் மனை காட்டினால் வாங்குபவர் காரை விட்டு இறங்க மாட்டார், எல்லைக் கல்லையும் பார்க்க மாட்டார். ஆடியிலும் மார்கழியிலும் குடி போகிறவர்கள் குறைவு. பதினெட்டாம் பெருக்கு மாதிரி நல்ல நாளில் மட்டும் பதிவு ஆபீஸ் நிரம்பும். அதனால் பழைய வேலையை விடும் மாதம் சித்திரையாக இருந்தால் நல்லது. பள்ளி திறப்பதற்கு முன் வீடு மாறுகிறவர்கள் கூட்டத்தில் இரண்டு மாத வாடகைக் கமிஷன் சேரும். அதை வைத்துக்கொண்டு ஆடி மாதம் முழுவதும் தாலுகா ஆபீஸில் உட்கார்ந்து உங்கள் வார்டின் அ-பதிவேட்டைப் படிக்கலாம்.