போட்டிப் பதற்றத்தின் வேரைத் தேடும் பயிலரங்கு: ஒரு தாயின் மதிப்புரை

நீச்சல் போட்டிக்கு முந்தைய இரவில் உறக்கமின்றிப் புரள்வதும், மறுநாள் காலையில் உண்டதை வாந்தியெடுப்பதும் என் பன்னிரண்டு வயது மகளுக்கு வழக்கமாகிவிட்டதால், இளம் விளையாட்டு வீரர்களுக்கும் பெற்றோருக்குமென நடத்தப்படும் ஆறு வார இணையவழிப் பயிலரங்கு ஒன்றில் இருவரும் சேர்ந்தோம்.

முதல் வகுப்பில் அவளிடம் நிரப்பக் கொடுத்தது, 2006இல் சிறுவர்களுக்கும் ஏற்றவாறு திருத்தி வெளியிடப்பட்ட விளையாட்டுப் பதற்ற அளவுகோல். 15 கூற்றுகளே உள்ள அந்தப் படிவம் உடல் அறிகுறி, கவலை, கவனச் சிதறல் ஆகிய மூன்றையும் தனித்தனியே அளக்கிறது. வயிற்றில்தான் சிக்கல் என்று நான் எண்ணியிருக்க, அவளுக்குக் கவலையின் மதிப்பெண்ணே மிகுந்திருந்தது.

மூன்றாம் வாரத்துக்காகவே இந்தப் பயிலரங்கைப் பாராட்டலாம். போட்டியின் காணொளி ஒன்றை அனுப்பச் சொல்லியிருந்தார்கள். மகள் சுவரைத் தொட்டதும் நேரம் காட்டும் பலகையைப் பார்க்காமல் பார்வையாளர் பக்கம் திரும்பும் கணத்தில் ஆலோசகர் படத்தை நிறுத்தினார். அங்கே நான் தலைகுனிந்து ஸ்டாப்வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. தோற்றால் பெற்றோரின் முகம் எப்படி மாறும் என்ற அச்சம், போட்டியின் கடுமையைவிடப் பெரும் சுமையாகலாம் என்பதை அவர் அதன்பின் நிதானமாக எடுத்துரைத்தார். சைமன், மார்ட்டென்ஸ் ஆகியோர் 1979இல் சிறுவர்களிடையே நடத்திய ஆய்வில் விளையாட்டுகளுள் மல்யுத்தமே மிகுந்த பதற்றம் தந்ததையும், அதையும் விஞ்சியது இசைப் போட்டியில் தனியாக வாசிப்பது என்பதையும் அவர் சொன்னபோது, குழுவின் மறைவின்றித் தனித்து மதிப்பிடப்படுவதன் வலி எனக்குப் புரிந்தது. நீச்சல் தடமும் அப்படிப்பட்ட தனிமைதானே.

குறை, பயிற்சியாளரைப் பற்றிய பகுதியில் இருக்கிறது. பயிற்சியாளர்களுக்கு ஊக்கமளித்துப் பேசக் கற்றுக்கொடுத்தால் சிறுவர்களின் பதற்றம் குறைவதை ஸ்மித், ஸ்மால், பார்னெட் ஆகியோர் 1995இலேயே காட்டியிருக்க, அனைவர் முன்னிலையிலும் கடிந்துகொள்வது, தேர்வுப் பட்டியலைக் காட்டி மிரட்டுவது போன்ற காரணங்களை இங்கே பத்து நிமிடத்தில் முடித்துவிட்டார்கள். ஓய்வின்றி அடுக்கப்படும் போட்டிகளைப் பற்றிப் பேச்சே இல்லை. கடைசி இரண்டு வாரங்களும் மூச்சுப் பயிற்சியிலேயே கழிந்தன.

ஸ்டாப்வாட்சை இப்போது வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறேன். சென்ற போட்டியன்றும் அவள் வாந்தியெடுத்தாள்; ஆனால் முந்தைய இரவு உறங்கியிருந்தாள். பதற்றத்துக்குத் தாங்களும் காரணமாக இருக்கலாமோ என்று ஐயப்படும் பெற்றோர் முதல் மூன்று வாரங்களுக்காகத் தயங்காமல் சேரலாம். பயிற்சியாளரின் கடுமையே சிக்கல் என்று அறிந்தவர்களுக்கு இதில் விடை கிடைக்காது.