வீட்டுக்கு ‘நர்ஸ்’ அனுப்பும் ஏஜென்சிகள்: அட்வான்ஸ் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

திருச்சியில் வயதான அம்மா அப்பாவுக்கு ஆபரேஷன் முடிந்து, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள ஹோம் கேர் ஆள் தேடுகிறவர்களுக்காக எழுதுகிறேன். புகார் நடந்துகொண்டிருப்பதால் நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. எங்களுக்கு நடந்தது வேறு ஊரில், வேறு ஏஜென்சியிலும் நடக்கக்கூடியதுதான்.

அம்மாவுக்கு 74 வயது. பாத்ரூமில் வழுக்கி விழுந்து தொடை எலும்பின் கழுத்துப் பகுதி உடைந்துவிட்டது. உடைந்த மேல்முனையை எடுத்துவிட்டு உலோகப் பந்து வைத்தார்கள். மறுநாளே ஆஸ்பத்திரியில் வாக்கரைப் பிடித்து நிற்க வைத்தார்கள், அம்மாவும் நின்றார். டிஸ்சார்ஜ் அன்று டாக்டர் சொன்னது இதுதான்: “என் வேலை முடிஞ்சுது. இனிமே நடக்கிறதுதான் மருந்து. கட்டில்லயே போட்டு வெச்சுடாதீங்க.” அவர் அப்படி அழுத்திச் சொன்னதற்குக் காரணம் உண்டு. இந்த வயதில் படுத்தே கிடந்தால் தொடைத் தசை சில நாட்களிலேயே வலுவிழக்கத் தொடங்கிவிடும். காலில் ரத்தம் கட்டலாம், நிமோனியா வரலாம், முதுகில் புண் வரலாம். எலும்பை டாக்டர் சரிசெய்துவிடுவார். ஆள் எழுந்து நடப்பது முதல் இரண்டு மூன்று மாதம் வீட்டில் எப்படிப் போகிறது என்பதைப் பொறுத்தது.

அந்த மாதங்களுக்காகத்தான் ஏஜென்சியைப் பிடித்தோம். போனில் பேசியவர், “ட்ரெயின்ட் நர்ஸ் மேடம், 24 மணி நேரமும் கூடவே இருப்பாங்க, பிசியோவும் எங்க ஆளே வருவார்” என்றார். மாதம் 27,000 ரூபாய், ஒரு மாத அட்வான்ஸ், பிசியோவுக்குத் தனி பேக்கேஜ். நானும் தம்பியும் வேலைக்குப் போகிறவர்கள். எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கிறதே என்று பணத்தைக் கட்டினோம்.

வந்தது இருபது வயதைத் தாண்டாத ஒரு பெண். வந்த அன்றே அம்மாவுக்கு டயப்பர் கட்டினாள். ஆஸ்பத்திரியில் வாக்கரோடு பாத்ரூம் போய்க்கொண்டிருந்தவருக்கு எதற்கு டயப்பர் என்று கேட்டால், “பேஷண்ட்டை நடக்க வைக்கக் கூடாதுன்னு ஆபீஸ்ல சொல்லியிருக்காங்கக்கா. விழுந்துட்டா எங்க சம்பளத்துல பிடிச்சுக்குவாங்க” என்றாள். எங்களிடம் வாங்கும் தொகையில் பாதிகூட அவளுக்குப் போய்ச் சேர்வதில்லை என்பது பிறகு தெரிந்தது. அவள் மேல் எனக்குக் கோபமே இல்லை. சரியாகச் சொல்லிக் கொடுக்காமல் ஒரு பெண்ணை இந்த வேலைக்கு அனுப்பியவர்கள் மேல்தான் கோபம். நோயாளி நடந்தால் விழக்கூடும், விழுந்தால் ஏஜென்சிக்குத் தலைவலி. படுத்தே இருந்தால் அவர்களுக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. அதனால் படுக்க வைப்பதையே கவனிப்பு என்று விற்கிறார்கள்.

குளிப்பாட்டும்போது அம்மாவைத் தாழ்வான முக்காலியில் உட்கார வைத்திருக்கிறாள். பந்து மாற்றியவர்களை, அதுவும் பின்பக்கமாகத் திறந்து ஆபரேஷன் செய்திருந்தால், முழங்கால் இடுப்பை விட மேலே வரும்படி உட்கார வைக்கவே கூடாது. கால் மேல் கால் போடக் கூடாது, குத்த வைக்கக் கூடாது. மீறினால் பந்து நழுவிவிடலாம். இவ்வளவும் டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதியிருந்தது. ஏஜென்சியிலிருந்து ஒருவர்கூட அந்தத் தாளைக் கேட்டு வாங்கிப் பார்க்கவில்லை.

அப்புறம் அந்த நோட்டு. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைத்தது, பி.பி. பார்த்தது எல்லாம் அதில் எழுத வேண்டும். ஒரு நாள் இரவு ஒன்பது மணிக்கு எடுத்துப் பார்த்தேன். பன்னிரண்டு மணி, இரண்டு மணி, நான்கு மணி எல்லாம் அப்போதே எழுதி முடிந்திருந்தது. எல்லா வரியிலும் பி.பி. 120/80. அம்மா பல வருடமாக ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். மேற்பார்வையாளர் என்று சொல்லிக்கொண்டு வந்தவர் அந்தப் பக்கங்களில் கையெழுத்தும் போட்டிருந்தார்.

பிசியோ என்று வந்தவர் கரண்ட் வைக்கும் மெஷினை இடுப்பில் ஒட்டிவிட்டுப் போனைப் பார்த்துக்கொண்டு இருப்பார், நேரம் முடிந்ததும் கழற்றிக்கொண்டு போய்விடுவார். அந்த மெஷின் வலியைக் கொஞ்சம் குறைக்கலாம், தசைக்கு வலு தராது. பாதத்தை மேலும் கீழும் அசைப்பது, முழங்காலைக் கட்டிலில் அழுத்திப் பிடிப்பது, உயரமான நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, பிறகு வாக்கரோடு நடை என்று படிப்படியாகப் போக வேண்டும். இதில் ஒன்றையும் அவர் செய்ய வைக்கவில்லை. பி.பி.டி. (பிசியோதெரபி பட்டப்படிப்பு) முடித்திருக்கிறீர்களா என்று கேட்டதற்கு, “எக்ஸ்பீரியன்ஸ் இருக்கு மேடம்” என்றார்.

ரிவ்யூவுக்குப் போனபோது வால் எலும்புக்கு மேல் சிவந்திருந்த இடத்தை டாக்டர் விரலால் அழுத்திப் பார்த்தார். சிவப்பு மறையவில்லை. படுக்கைப் புண்ணின் ஆரம்பம் அது. அந்த இடத்தில் தினமும் பவுடர் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள், அதுவும் செய்யக் கூடாதாம். தொடை இளைத்துப்போய், வாக்கரைக் கொடுத்ததும் அம்மா பயத்தில் அழுதுவிட்டார். ஏஜென்சிக்குப் போன் செய்தால், “வயசானவங்கன்னா இதெல்லாம் சகஜம் மேடம்.” ரசீதை எடுத்துப் பார்த்தால் ‘நோயாளி உதவியாளர்’ என்றுதான் இருக்கிறது, நர்ஸ் என்ற சொல்லே இல்லை. அட்வான்ஸ் திரும்பக் கிடையாது என்பது கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில்.

பணம் கட்டும் முன் இவற்றைக் கேளுங்கள். நர்ஸ் என்றால் எந்த நர்சிங் படிப்பு முடித்தவர், ஏ.என்.எம்.மா, ஜி.என்.எம்.மா, பி.எஸ்சி.யா? தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தின் பதிவு எண் என்ன? எண் தரத் தயங்கினால் வருவது நர்ஸ் இல்லை. உதவியாளர் போதும் என்றால் அதில் தவறில்லை, ஆனால் அந்தக் கட்டணத்தை மட்டும் கொடுங்கள். பிசியோதெரபிஸ்ட்டின் பட்டச் சான்றிதழைப் பாருங்கள், முதல் நாளே மொத்த பேக்கேஜுக்குக் கட்டாதீர்கள். எல்லாவற்றையும் விட முக்கியமாக, “தினமும் நடக்க வைப்பீர்களா?” என்று கேட்டு, பதிலை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்குங்கள்.

இப்போது வீட்டுக்கு வருகிற பிசியோதெரபிஸ்ட் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வருகிறவர். 2021 ஆகஸ்டில் தொடங்கிய அரசுத் திட்டம், செலவு கிடையாது. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் பதிவு செய்துகொள்வார்கள். தினமும் வர மாட்டார், ஆனால் வரும்போது பயிற்சியை எங்களுக்கும் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போகிறார். அம்மா இப்போது வாக்கரோடு சமையலறை வரை நடக்கிறார்.

ஏமாந்தவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் சொல்லலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். செலுத்திய தொகை 5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். ரசீது, வாட்ஸ்அப் பேச்சு, புண்ணின் படம் எல்லாம் வேண்டும். ஆளை நிறுத்தும் அன்று நோட்டை ஏஜென்சி எடுத்துக்கொண்டு போய்விடும், அதற்கு முன் எல்லாப் பக்கத்தையும் போட்டோ எடுத்து வையுங்கள்.