பெபிள் டைம்: கொம்பனி மூடியும் ஓடுகிற மணிக்கூடு

வாங்கலாமா என்று கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன்: பெபிள் டைம் என்ற ஸ்மார்ட் வோச் 2015இல் வந்தது, அதைச் செய்த கொம்பனி 2016 டிசம்பரோடு மூடப்பட்டது. என் கையில் இன்றைக்கும் ஓடுகிறது. "இனி இது சரிவராது மகன்" என்று கனடாவிலிருந்து வந்த சித்தப்பா கழற்றித் தந்தது.

மட்டக்களப்பு வெயிலுக்கு இதைவிடத் தோதான திரையை நான் காணவில்லை. மற்ற ஸ்மார்ட் வோச்சுகளில் பெரும்பாலானவற்றின் திரை உள்ளிருந்து ஒளிவிடும். வெயில் ஏற ஏற மங்கும். பெபிள் திரை மேலே விழும் வெளிச்சத்தைத் திருப்பிவிடும் வகை. கல்லடிப் பாலத்தில் உச்சி வெயிலில் மோட்டார் சைக்கிள் ஓட்டும்போது, கை ஹேண்டிலில் இருந்தபடியே மணி தெரியும். வீட்டுக்குள் கொஞ்சம் மந்தம்தான்; 64 நிறம் என்றாலும் எல்லாம் வெளுத்த நிறம். மாரியில் ஈரக் கையோடு நான்கு பட்டனையும் அழுத்தலாம், தொடுதிரைக்கு அது சரிவராது. புதிதில் ஒரு சார்ஜுக்கு ஏழு நாள் என்றார்கள். வயதான பற்றரியில் பாதி கிடைத்தாலே பெரிய விசயம்.

மணி காட்ட இதற்கு யார் தயவும் வேண்டாம். அப் கடை, வானிலை, குரலைக் கேட்டு எழுதுவது எல்லாம் சேர்வரில் இருந்தவை. பெபிளின் மென்பொருளை வாங்கிய ஃபிட்பிட் கொம்பனி 2018 ஜூன் 30இல் அவற்றை நிறுத்தியது. அதற்கு முன்பே, பாவித்தவர்களில் நிரல் எழுதத் தெரிந்தவர்கள் ரெபிள் என்ற பெயரில் கூடி, அப் கடையைத் தங்கள் பக்கம் கொண்டுவந்துவிட்டார்கள். வானிலைக்கும் குரலுக்கும் மாதம் 3 டொலர் சந்தா. குரல் எனக்கு வேண்டாம், எங்கள் ஊர்த் தமிழ் அதற்கு விளங்காது.

பெரிய குறை தமிழ்தான். வாட்ஸ்அப்பில் அம்மா எழுதினால் கட்டம் கட்டமாக வரும். எழுத்துரு ஏற்றினால் மட்டும் போதாது. 'கொ' என்றால் கொம்பு ஒரு பக்கம், கால் மறுபக்கம் போய் நிற்க வேண்டும், அந்தக் கணக்கு மென்பொருளுக்குள் இருக்க வேண்டும். அவசரமென்றால் வீட்டில் இப்போது ஆங்கில எழுத்தில் தமிழ் அடிக்கிறார்கள்.

ஃபிட்பிட்டை வாங்கிய கூகுள் 2025 ஜனவரியில் இந்த மணிக்கூட்டை இயக்கும் பெபிள் ஓஎஸ் மென்பொருளின் மூலநிரலை, யாரும் எடுத்துத் திருத்தலாம் என்று திறந்துவிட்டது. பெபிள் பெயரில் திரும்ப வரும் புதிய மணிக்கூடுகளைவிட எனக்கு இதுதான் பெரிய செய்தி. புளூடூத் போன்ற உரிமைச் சிக்கல் உள்ள துண்டுகளை எடுத்துவிட்டுத்தான் தந்தார்கள். ஆனாலும் தமிழ் தெரிந்த நிரலாளர் யாராவது மனம் வைத்தால் இனி வேலை செய்ய இடமிருக்கிறது.

முதல் பெபிளைச் செய்த எரிக் மிகிகோவ்ஸ்கியே திரும்ப இறங்கியிருக்கிறார். பெபிள் 2 டுவோ கறுப்பு வெள்ளை, அறிவித்த விலை 149 டொலர். பெபிள் டைம் 2 நிறத்திரை, இதயத்துடிப்பும் பார்க்கும், 225 டொலர். ஒரு சார்ஜில் 30 நாள் வரை என்கிறார்கள். டைம் 2இல் தொடுதிரையும் உண்டு, பட்டன் இருப்பதால் மன்னிக்கலாம். தபாலும் சுங்கமும் சேர்ந்தால் எங்கே போய் நிற்குமோ! பழையது மூச்சுவிடும் வரை நான் அந்தப் பக்கம் போகப்போவதில்லை.

யாரிடமாவது பழைய டைம் கிடைத்தால், காந்த சார்ஜர் கேபிளையும் கேட்டு வாங்குங்கள். கண்ட கேபிளும் இதில் ஒட்டாது.