கோத்தகிரி விடுதி: நான்கு பருவங்களில் தங்கிப் பார்த்தபின்

கோத்தகிரிக்கு அருகே தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே உள்ள ஒரு தங்கும் விடுதி 'ஆண்டு முழுவதும் இதமான குளிர்' என்று விளம்பரம் செய்கிறது. நான்கு முறை தங்கியவன் என்ற முறையில், அதில் பாதிதான் உண்மை என்பேன்.

ஏப்ரல், மே மாதங்களில் குறை சொல்ல இடமில்லை. அறையில் மின்விசிறி கிடையாது, அது தேவைப்படவும் இல்லை.

ஜூலையில் தென்மேற்குப் பருவமழை கூடலூரையும் அவலாஞ்சியையும் நனைத்துக்கொண்டிருந்தபோது, தொட்டபெட்டாவுக்குக் கிழக்கே மழை மறைவில் இருக்கும் கோத்தகிரியில் தூறல் மட்டுமே விழுந்தது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் பெய்ததும் இதே நீலகிரி மாவட்டத்தில்தான் என்பதை நம்பக் கடினமாக இருந்தது.

நவம்பரில் நிலைமை தலைகீழ். வடகிழக்குப் பருவமழை இந்தக் கிழக்குச் சரிவில்தான் நேராக மோதுகிறது. மூன்று நாட்கள் மூடுபனி விலகவில்லை. அலமாரியில் வைத்திருந்த தோல் செருப்பில் வெண்பூஞ்சை படர்ந்தது. கம்பளி ஈரமாக இருப்பதாகச் சொன்னதற்கு, 'மலையில் இப்படித்தான் சார்' என்று பதில் வந்தது. கட்டணம் மட்டும் மே மாதத்துக்கு உரியதே!

ஜனவரியில் பகல் வெயில் அருமை. இரவில் பல் கிட்டியது. உதகையை அடுத்த தலைக்குந்தாவில் விடியலில் புல்வெளி உறைபனியால் வெளுத்துக் கிடக்கும் மாதம் அது. குளிருக்கு இதமாக இருக்கும் என்று பணியாளர் அன்போடு கொண்டுவந்த கரி அடுப்பை, மூடிய அறைக்குள் புகை ஆபத்து என்பதால் திருப்பி அனுப்பினேன். வெந்நீரோ காலை எட்டு மணிக்குள் தீர்ந்துவிடுகிறது.

முன்பதிவு செய்வோர் கிழக்குப் பார்த்த மாடி அறையைக் கேட்டு வாங்குங்கள். கீழ்த்தளத்தில் வெயில் பத்து மணிக்குப் பிறகே எட்டிப் பார்க்கிறது.