மசினகுடி ரிசார்ட்டில் பங்கு என்று வந்தால், பட்டாவைப் பார்த்து நம்பிவிடாதீர்கள்

"வைல்ட் லைஃப் ரிசார்ட்டில் ஒரு காட்டேஜ் உங்கள் பேரில், வருஷத்துக்கு 12 சதவீதம் வருமானம்" என்று சொல்லிக் கோவை, திருப்பூர் வட்டாரத்தில் இப்போதும் ஆள் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். மசினகுடி, பொக்காபுரம், மாவனல்லா பக்கத்து நிலங்களை வைத்து நடக்கும் வியாபாரம் இது. நானும் என் சகலையும் ஆளுக்கு எட்டு லட்சம் கொடுத்தோம். இன்றுவரை அசல் திரும்பவில்லை. புகார் விசாரணையில் இருப்பதால் நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. பெயரை மாற்றிக்கொண்டு வருவதும் இவர்களுக்குப் பெரிய வேலை இல்லை. அதனால் எப்படிச் செய்கிறார்கள் என்பதை மட்டும் சொல்கிறேன்.

இவர்கள் காட்டும் காகிதங்கள் போலி இல்லை. பட்டா அசல். வில்லங்கச் சான்றிதழ் சுத்தம். எங்கள் வக்கீல் சர்வே எண், பரப்பளவு, புல வரைபடம் எல்லாவற்றையும் ஒத்துப் பார்த்தார், எல்லாம் பொருந்தியது. ஆனால் நிலம் யாருடையது என்பதை மட்டும்தான் பட்டா சொல்லும். அங்கே ரிசார்ட் நடத்தலாமா என்று அதில் இருக்காது. வில்லங்கச் சான்றிதழில் பதிவாகும் பத்திரங்கள் வரும். அந்த நிலம் யானை வழித்தடத்துக்குள் வருகிறது என்ற அரசாணை வராது. "அண்ணா, பட்டா நிலங்க. ஃபாரஸ்ட்காரங்க கேட்டைத் தாண்டி உள்ள வர முடியாதுங்க" என்று ஏஜென்ட் அடித்துச் சொன்னான். பாதி உண்மையை வைத்துக்கொண்டு எவ்வளவு தைரியமாகப் பேசலாம் என்பதை அவனிடம்தான் பார்த்தேன்.

மீதிப் பாதி இது. மசினகுடி இருக்கும் சீகூர் பீடபூமியில் யானை வழித்தடத்தை அறிவித்துத் தமிழக அரசு 2010 ஆகஸ்டில் அரசாணை போட்டது. 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் அதைச் சரி என்றது. 2018 ஆகஸ்டில் அனுமதி இல்லாத ரிசார்ட்டுகளுக்கு 48 மணி நேரத்தில் சீல் வைக்கச் சொன்னது உச்ச நீதிமன்றம். அந்த மாதமே இருபதுக்கும் மேற்பட்டவற்றுக்குப் பூட்டு விழுந்தது. 2020 அக்டோபர் 14ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அரசாணையையும் உறுதி செய்து, நில உரிமையாளர்களின் ஆட்சேபங்களைக் கேட்க ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. இதெல்லாம் எல்லா நாளிதழிலும் வந்த செய்தி. எங்களுக்குக் கொடுத்த பளபளப்பான விளம்பரப் புத்தகத்தில் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது. அட்டையில் ட்ரோன் படம் மட்டும் இருந்தது: குளத்து ஓரம் ஐந்தாறு யானைகள், கீழே "உங்கள் வராண்டாவிலிருந்தே".

அந்த வராண்டா சமாச்சாரம் எவ்வளவு விபரீதம் என்பதற்கு மாவனல்லாவே சாட்சி. 2021 ஜனவரியில் அங்கே ஒரு தனியார் விடுதிக்கு அருகே வந்த ஆண் யானையின் மேல் தீயை எறிந்தார்கள். காயத்தோடு திரிந்த அந்த யானை செத்துப்போனது. யானை வரும் என்று சொல்லித்தான் அறையை விற்கிறார்கள். வந்துவிட்டால் விரட்டவும் அவர்களே தயாராக இருக்கிறார்கள்.

நாங்கள் சட்டத்தைப் பற்றிக் கேட்காமல் இல்லை. அதற்கும் பதில் வைத்திருந்தார்கள்: "2023ல வனச் சட்டத்தையே மாத்திட்டாங்க, ஈக்கோ டூரிசத்துக்குத் தடையே இல்லைங்க." திருத்தம் வந்தது உண்மைதான். ஆனால் அதில் விலக்கு இருப்பது வனத்துறையின் செயல்திட்டத்திலோ, வனவிலங்கு அல்லது புலிகள் காப்பகத் திட்டத்திலோ ஏற்கெனவே இடம்பெற்ற சூழல் சுற்றுலா வசதிகளுக்கு. வழித்தடத்தில் யாரோ ஒருவர் கட்டும் காட்டேஜுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. சரணாலயத்துக்குள்ளே வணிக விடுதி கட்ட வேண்டுமென்றால் தேசிய வனவிலங்கு வாரியத்தின் முன் அனுமதி வேண்டும் என்று 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திலேயே இருக்கிறது. தனியார் நிலம் என்றாலும், அது தனியார் காடாக வகைப்படுத்தப்பட்டிருந்தால் 1949ஆம் வருஷத்துத் தமிழ்நாடு தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டப்படி முன் அனுமதி வாங்காமல் விற்கவோ அடமானம் வைக்கவோ குத்தகைக்கு விடவோ முடியாது. போதாததற்கு நீலகிரியில் கட்டடம் எழுப்ப ஹாகா எனும் மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையத்தின் அனுமதி வேறு. இதில் ஒரு காகிதத்தையாவது காட்டச் சொல்லுங்கள். "ஆபீஸ்ல இருக்குங்க" என்பார்கள்.

இடத்தைப் பார்க்கப் போனபோது கவனித்ததையும் சொல்கிறேன், இது உங்களுக்கு உதவும். வரவேற்பறை, பத்து அறை, நீச்சல் குளம் எல்லாம் இருந்தன. சுவரில் ஆணி அடித்து மாட்டியிருந்த மின்வாரிய அட்டையில் கட்டண வகை 1ஏ, அதாவது வீட்டு இணைப்பு. வரி ரசீதும் குடியிருப்பு என்றே சொன்னது. வீடு கட்டிக்கொள்கிறேன் என்று ஊராட்சியில் அனுமதி வாங்கி விடுதி நடத்துவது அந்தப் பக்கத்தில் பழைய கதை. 2018இல் பல இடங்கள் மாட்டியதும் இதனால்தான். மேனேஜரிடம் கேட்டதற்கு, "கமர்ஷியலுக்கு எழுதிக் கொடுத்திருக்கோம் சார், வந்துடும்" என்றார். எங்கள் பணம் அதற்கு முன்பே போய்விட்டிருந்தது. முன்பதிவுச் சலுகை முடியப்போகிறது என்று இடத்தைப் பார்க்கும் முன்பே வாங்கிவிடுவதுதான் அவர்கள் வழக்கம்.

அப்புறம் ஒப்பந்தம். நூறு ரூபாய் முத்திரைத்தாள், பதிவு செய்யாதது, தலைப்பு "காட்டேஜ் பயன்பாட்டு உரிமை ஒப்பந்தம்". முதலீடு என்ற சொல் எங்குமே இல்லை. ரசீதில் "சேவைக்கான முன்பணம்". பலரிடம் பணம் திரட்டி, தாங்களே நிர்வகித்து, லாபத்தைப் பிரித்துத் தரும் திட்டம் என்றால் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி அமைப்பில் பதிவு செய்தாக வேண்டும். அதிலிருந்து நழுவத்தான் இந்தச் சொல் ஜாலம். உள்ளே ஒரு பிரிவு: "அரசு அல்லது நீதிமன்ற உத்தரவால் விடுதி இயங்காமல் போனால் நிறுவனம் பொறுப்பாகாது." தடை வரும் என்று தெரியாதவன் இப்படி ஒரு வரி எழுதுவானா?

முதலில் சில மாதங்கள் பணம் ஒழுங்காக வந்தது. அதைக் காட்டியே சகலையின் அலுவலகத்தில் இன்னும் நாலு பேரைச் சேர்த்துவிட்டார்கள். பிறகு "சீசன் டல்", பிறகு "பேங்க் பிரச்சினை", பிறகு போனை எடுப்பதே இல்லை. நேரில் போனால் கேட் பூட்டியிருந்தது. உள்ளே இருந்த காவலாளிக்கும் சம்பள பாக்கி என்று அவரே புலம்பினார்.

காவல் நிலையத்தில் முதலில் "இது சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்க" என்றுதான் சொன்னார்கள். அங்கேயே திரும்பிவிடாதீர்கள். வருமானம் தருவதாக எழுத்திலோ வாட்ஸாப்பிலோ உறுதி கொடுத்திருந்தால் பொருளாதாரக் குற்றப்பிரிவுக்குப் போங்கள். முதலீட்டாளர் நலனுக்கான 1997ஆம் வருஷத்துத் தமிழ்நாட்டுச் சட்டமும், ஒழுங்குபடுத்தப்படாத வைப்புத்தொகைகளைத் தடை செய்யும் 2019ஆம் வருஷத்து மத்தியச் சட்டமும் இருக்கின்றன. எங்களுக்கு ஒப்பந்தத்தைவிட உதவியது ஏஜென்ட் அனுப்பிய குரல் பதிவுகளும், வருஷத்துக்கு 12 சதவீதம் என்ற கணக்கில் மாதா மாதம் வந்த வங்கி வரவும்தான். இதே பக்கத்தில் பணம் போட்டவர்கள் யாராவது இருந்தால் அந்தப் பதிவுகளை அழிக்காமல் வைத்திருங்கள். போனை மாற்றும்போதுதான் பலருக்கும் அது போய்விடுகிறது.