பேஸ் ஆம்ப்: நான்காண்டுப் பயன்பாட்டில் தீராத ஓர் இரைச்சல்

காவேரிப்பட்டணத்திலிருந்து ஒரு தம்பி சென்ற வாரம் அழைத்து, "அண்ணா, நீங்க வெச்சிருக்கிற ஆம்பையே நானும் வாங்கிடட்டுமா? இப்ப விலை குறைஞ்சிருக்கு" என்று கேட்டார். தேவாலயப் பாடற்குழுவில், தாழ்ந்த சுரங்களைத் தரும் பேஸ் கிட்டார் வாசிப்பவர் அவர். அந்தக் கிட்டாரின் ஒலியைப் பெருக்கித் தரும் ஸ்பீக்கர் பெட்டிதான் ஆம்ப். வீட்டுப் பயிற்சிக்கும், ஐம்பது அறுபது பேர் கூடும் சிறு நிகழ்ச்சிக்கும் ஒரே பெட்டி போதுமா என்பது அவருடைய கவலை. வாங்கு என்றோ வேண்டாம் என்றோ என்னால் சட்டென்று சொல்ல முடியவில்லை. 40 வாட், 10 அங்குல ஸ்பீக்கர் கொண்ட அந்த ஆம்பை நான்கு ஆண்டுகளாகத் தருமபுரியில் வைத்து வாசித்து வருகிறேன். அதன் மேல் எனக்குப் பிரியமும் உண்டு, கோபமும் உண்டு. சென்ற மாதம் நடந்த ஒரு வரவேற்பு நிகழ்ச்சிக்குப் பிறகு கோபம்தான் சற்று மேலோங்கி நிற்கிறது.

பிரியத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். எடை 8 கிலோவுக்குச் சற்று மேல், அவ்வளவுதான். இதற்கு முன் என்னிடம் இருந்தது 15 அங்குல ஸ்பீக்கரும் கனத்த டிரான்ஸ்ஃபார்மரும் கொண்ட பழைய பெட்டி; அதைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும், ஆட்டோ பிடிக்காமல் தெருமுனைக்குக்கூடக் கொண்டுபோக முடியாது. இப்போதைய ஆம்ப் கிளாஸ் டி வகை. இதில் டிரான்சிஸ்டர்கள் ஸ்விட்ச் போல முழுவதும் திறந்தும் முழுவதும் மூடியும் வேலை செய்வதால் மின்சாரம் வெப்பமாக வீணாவது குறைவு, எனவே வெப்பத்தை வெளியேற்றும் பெரிய உலோகத் தகடு (ஹீட் சிங்க்) தேவைப்படுவதில்லை. தருமபுரியில் கிருஷ்ணகிரி பேருந்தில் ஏறி, கிட்டாரை முதுகிலும் ஆம்பை மடியிலும் வைத்துக்கொண்டு போய் வாசித்துவிட்டு, ஆட்டோவுக்கு ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காமல் திரும்பிய இரவுகள் எத்தனையோ.

ஒலியிலும் எனக்குப் பெரிய குறை இல்லை. பேஸ் கிட்டாரில் மிகத் தாழ்ந்த சுரம் தரும் கீழ் இ (E) தந்தி 41 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 41 அதிர்வு. சிறிய பெட்டிக்குள் இருக்கும் 10 அங்குல ஸ்பீக்கரால் அதை முழு வலிமையோடு தர இயலாது. ஆனால் அதன் இரட்டிப்பான 82 ஹெர்ட்ஸும் அதற்கு மேலுள்ள துணைச் சுரங்களும் தெளிவாக வந்துவிட்டால், அடிச் சுரத்தை நம் செவியே நிரப்பிக்கொள்கிறது. இது தெரியாமல் முதல் ஆண்டு முழுவதும் பேஸ் குமிழை முடிந்தவரை திருகி ஸ்பீக்கரைத் திணறடித்தேன். இப்போது அதை நடுவில் நிறுத்தி, அதற்குச் சற்று மேலுள்ள சுரங்களைக் கூட்டும் லோ மிட் குமிழைச் சற்றே ஏற்றி, பெட்டியைச் சுவரோரமாகத் தரையில் வைக்கிறேன். டிரம்ஸ் அடிப்பவர் சற்று அடக்கி வாசித்தால், சிறு மண்டபத்துக்கு அந்த 40 வாட்டே போதும். அடங்காத டிரம்ஸ் என்றால் போதாது. வாட்டை இரட்டிப்பாக்கினாலும் ஒலி அளவு 3 டெசிபல்தான், அதாவது காதுக்குச் சற்றே, கூடும் என்பதால், 60 வாட் ஆம்பைத் தேடிப் போவதிலும் பயனில்லை. நேராக 100 வாட்டுக்கும் 12 அங்குலத்துக்கும் போய்விட வேண்டும்.

இனி அந்த இரைச்சலுக்கு வருகிறேன். வாங்கிய முதல் வாரத்திலிருந்தே, தந்தியைத் தொடாமல் இருக்கும்போதெல்லாம் ஆம்பிலிருந்து "ம்ம்ம்" என்று ஒரு ரீங்காரம் எழும். தந்தி மேல் விரலை வைத்தால் குறையும். கிட்டார்க்காரர்கள் பலர் இதைப் பொருட்படுத்துவதில்லை. பேஸ் வாசிப்பவருக்கு அப்படி விட்டுவிட முடியாது. நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். கீழ் இ தந்தியில் மூன்றாவது ஃப்ரெட்டை (கிட்டார்க் கழுத்தின் குறுக்குக் கம்பிக் கட்டம்) அழுத்தினால் வரும் ஜி (G) சுரம் 49 ஹெர்ட்ஸ். இரண்டும் சேர்ந்து ஒலிக்கும்போது நொடிக்கு ஒரு தரம் ஒலி பெருத்தும் சிறுத்தும் அலையடிக்கும். திறந்த ஜி தந்தியோ 98 ஹெர்ட்ஸ். ரீங்காரத்தின் 100 ஹெர்ட்ஸ் பகுதியோடு மோதி, நொடிக்கு இரண்டு தரம் துடிக்கும். இரவில் வீட்டில் மின்விசிறியை நிறுத்திவிட்டு அந்த ஜி சுரத்தை நீட்டிப் பிடித்துப் பாருங்கள். சுருதி சேராத தம்பூராவின் அருகில் உட்கார்ந்திருப்பது போல இருக்கும்.

ஆம்ப்தான் பழுது என்று நம்பி, ஒரு பெருநகரத்துச் சர்வீஸ் சென்டருக்கு அனுப்பினேன். ஆறு வாரம் கழித்து, குறை எதுவும் இல்லை என்ற சீட்டோடு அது திரும்பி வந்தது. எந்த மாதிரியான வயரிங்கில் பயன்படுத்துகிறீர்கள் என்று ஒருவர்கூட என்னைக் கேட்கவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்டவர் எங்கள் தெரு எலெக்ட்ரீஷியன் ஒருவர்தான். த்ரீ பின் பாயிண்டில் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே டெஸ்ட் லேம்பை வைத்தார். எர்த் சரியாக இருந்தால் பளிச்சென்று எரிய வேண்டிய பல்ப், மினுக்கென்று மங்கலாக எரிந்து நின்றது. கொல்லைப்புறத்து எர்த் குழியைப் போய்ப் பார்த்தால், பாறை கலந்த எங்கள் பூமியில் அது ஆண்டுக்கணக்கில் ஈரத்தையே காணாமல் கிடந்திருக்கிறது. முதலில் நான்கு குடம் தண்ணீர் ஊற்றினோம், பல்ப் சற்றுத் தேறியது. பிறகு புதிதாகக் குழி தோண்டி, குழாய் இறக்கி, அடுப்புக்கரியும் உப்பும் அடுக்கடுக்காகப் போட்டு மூடினோம். அன்று மாலை ஆம்பைப் போட்டபோது கேட்ட அமைதியை நான் மறக்கவே மாட்டேன். மிச்சமிருந்த சிறு ஒலி, தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் என் கிட்டாரின் இரண்டு ஒற்றைச் சுருள் பிக்அப்களுடையது. அவற்றின் இரண்டு வால்யூம் குமிழ்களையும் முழுமையாகத் திறந்தால் ஒன்றின் இரைச்சலை மற்றது அடித்துவிடுகிறது. கோடையில் வாரம் ஒருமுறை அந்தக் குழிக்குத் தண்ணீர் ஊற்றுவதும் இப்போது என் பயிற்சியின் ஒரு பகுதி.

ஆகவே வீட்டு இரைச்சலுக்கு ஆம்ப் பொறுப்பல்ல. மூன்று ஆண்டுகள் அதன் மேல் பழி சுமத்தியது என் தவறு. ஆனால் மேடையில் நடப்பதற்கு அதைத் தயாரித்தவர்களே பொறுப்பு. கிருஷ்ணகிரியில் சென்ற மாதம் நடந்த வரவேற்பில், என் ஆம்ப் மண்டபத்துச் சுவர் பாயிண்டில் இருந்தது. எல்லா ஒலிகளையும் கலந்து பெரிய ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் சவுண்ட் சர்வீஸ்காரரின் மிக்சர் ஜெனரேட்டர் லைனில் இருந்தது. ஆம்பின் ஒலியை வெளியே அனுப்பும் லைன் அவுட்டை மிக்சரில் செருகியதுமே பெரிய ஸ்பீக்கர்கள் எல்லாம் ரீங்காரமிட்டன. இரண்டு எர்த்துகள் ஒரே ஒயரின் வழியே வளையமாக இணைந்துவிட்டால் இப்படித்தான் ஆகும். அந்த வளையத்தை அறுக்க லைன் அவுட்டின் அருகில் எர்த் லிஃப்ட் என்ற சிறு ஸ்விட்ச் ஒன்று இருந்தால் போதும். என் ஆம்பில் அது இல்லை. கடைசிப் பாடல் ஜி சுரத்தில் முடிந்தது. மற்றவர்கள் எல்லோரும் நிறுத்திய பிறகும் என் சுரம் மட்டும் மண்டபம் முழுவதும் அலையடித்துக்கொண்டிருக்க, பாடகி திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை இன்னும் மனத்தில் உறுத்துகிறது.

"ப்ளக்ல அந்த மேல் பின்னைக் கழட்டிருங்க சார், சத்தம் நின்னுடும்" என்று மேடையில் ஒருவர் யோசனை சொன்னார். சத்தம் நிற்கலாம். ஆனால் ஆம்புக்குள் மின்கசிவு ஏற்பட்டால் அது தந்தி வழியாக வாசிப்பவரின் கைக்கு வரும். அந்த நேரத்தில் அவருடைய உதடு மைக்கின் உலோகத்தில் பட்டால் உயிருக்கே ஆபத்து. தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள். இப்போது நான் உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டிஐ பாக்ஸ் (கிட்டாரை மிக்சரோடு இணைக்க உதவும் சிறு பெட்டி) ஒன்றைப் பையில் எடுத்துச் செல்கிறேன். கிட்டாரை முதலில் அதில் செருகி, ஒரு கிளையை ஆம்புக்கும் மறு கிளையை மிக்சருக்கும் கொடுத்து, அதிலுள்ள எர்த் லிஃப்டைத் தட்டிவிட்டால் இரைச்சல் அடங்குகிறது. ஆம்போடு வந்திருக்க வேண்டிய ஒரு ஸ்விட்சுக்காக நான் தனியாகப் பணம் கொடுத்திருக்கிறேன்.

அதனால் அந்தத் தம்பியிடம், என்னுடைய மாடலை வாங்க வேண்டாம் என்றே சொல்லிவிட்டேன். எடை, ஒலி, விலை எல்லாவற்றையும் இவ்வளவு புகழ்ந்த பிறகும் அப்படித்தான் சொல்கிறேன். கடையில் வாட் எவ்வளவு என்று கேட்பதற்கு முன், பெட்டியைத் திருப்பி, லைன் அவுட்டும் அதன் பக்கத்தில் எர்த் லிஃப்டும் இருக்கின்றனவா என்று பார்க்கச் சொன்னேன். "அப்ப உங்களோடதை வித்துடுவீங்களா அண்ணா? நானே எடுத்துக்கறேன்" என்றார். அதை விற்பதாக இல்லை என்று சொல்லிவிட்டேன்.